விழும் உடம்புக்கு யார் பொறுப்பு?

யார் ஜெயிப்பது என்பதை நிறுவனம் எழுதுகிறது. யார் எங்கிருந்து விழுவது என்பதையும் அதுவே எழுதுகிறது. விழுந்தவரின் கழுத்துக்கும் முதுகுக்கும் மட்டும் அவரவரே பொறுப்பு என்கிறது. கட்டணத் தொலைக்காட்சி மல்யுத்தத்தின் நாற்பதாண்டுக் கணக்கு இது.

1997 ஆகஸ்ட் 3. அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலம், ஈஸ்ட் ரூதர்ஃபோர்டு அரங்கம். வின்ஸ் மெக்மேனின் மல்யுத்த நிறுவனம் நடத்தும் ‘சம்மர்ஸ்லாம்’ கட்டண நிகழ்ச்சியில் ‘ஸ்டோன் கோல்ட்’ ஸ்டீவ் ஆஸ்டினும் ஓவன் ஹார்ட்டும் இன்டர்கான்டினென்டல் பட்டத்துக்காக மோதிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்டின்தான் ஜெயிக்கப்போகிறார் என்பது இருவருக்கும் தெரியும். ஓவன், ஆஸ்டினைத் தலைகீழாகத் தூக்கி, அவர் தலையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு தொப்பென்று உட்காருகிறார். பைல்டிரைவர் என்ற இந்தப் பிடியில், தலைகீழாகத் தொங்குகிறவரின் உச்சந்தலை தரையில் படவே கூடாது. தூக்கியவரின் தொடை முதலில் தரையைத் தொட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்று ஆஸ்டினின் தலை சில அங்குலம் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பேருடைய எடையும் அவர் கழுத்தில் இறங்கியது. கை, கால் எதுவும் அசையவில்லை.

அடுத்து நடந்ததுதான் இந்தத் தொழிலின் முழு உருவம். எதிரி அசையாமல் கிடப்பதைப் புரிந்துகொண்ட ஓவன், வில்லன் வேஷத்தைக் கலைக்காமலே ரசிகர்களைச் சீண்டி நேரத்தைக் கடத்தினார். உணர்ச்சி லேசாகத் திரும்பியதும் ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பலமே இல்லாத ஒரு பிடியில் ஓவனைச் சுருட்டினார். ஒரு சிறுவன்கூட உதறிவிடக்கூடிய அந்தப் பிடியில் ஓவன் அடங்கிக் கிடந்தார். நடுவர் மூன்று எண்ணினார். எழுதியபடியே முடிவு வந்துவிட்டது. புதிய சாம்பியனைத் தாங்கிப் பிடித்துத்தான் வெளியே கூட்டிப்போனார்கள்.

முடிவு முன்பே தெரிந்த சண்டையில் என்ன ஆபத்து இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இந்தக் கட்டுரையின் வாதம் அதற்கு நேர் எதிரானது. எல்லாம் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பதாலேயே நிறுவனத்தின் பொறுப்பு கூடுகிறது. குத்துச்சண்டையில் எந்த அடி எப்போது விழும் என்று யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. இங்கே யார் யாரோடு பகைப்பது, பகை எத்தனை மாதம் நீள்வது, எந்த நாளில் எந்தக் கூண்டுக்குள் தீர்வது என்பது வரை அலுவலகத்தில் முடிவாகிறது. ஆபத்தைத் தேர்ந்தெடுத்து விலைக்கு விற்கிறவர், அதன் விளைவிலிருந்து விலகி நிற்க முடியாது. நாற்பது ஆண்டுகளாக இந்தத் தொழில் விலகித்தான் நிற்கிறது.

பகையை விற்கும் கடை

1985 மார்ச் 31-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ‘ரெசில்மேனியா’ நடந்தபோது, வெளியூர் ரசிகர்களில் பெரும்பாலோர் அதை அரங்குகளில் பெரிய திரையில்தான் பார்த்தார்கள். கேபிள் பரவியதும், காசு கட்டி வீட்டிலேயே பார்க்கும் ‘பே-பெர்-வியூ’ முறை வேரூன்றியது. 1987-இல் பான்டியாக் சில்வர்டோமில் ஹல்க் ஹோகன், ராட்சத உருவம் கொண்ட ஆண்ட்ரேயைத் தூக்கி அறைந்த மூன்றாம் ரெசில்மேனியாவுக்கு 93,173 பேர் வந்ததாக நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை மிகை என்பவர்கள் இன்றும் உண்டு. தொழில் வளர்ந்த வேகத்தை யாரும் மறுப்பதில்லை.

வியாபாரக் கணக்கு எளிமையானது. வாராந்தர நிகழ்ச்சியில் பகை மூட்டப்படும். அந்தப் பகை எப்படித் தீர்கிறது என்பதைப் பார்க்கத் தனியாகக் காசு கட்ட வேண்டும். ஆக, இங்கே சரக்கு சண்டைகூட அல்ல, அதற்கு முந்தைய பகை. ஆரம்பத்தில் வருஷத்துக்கு ஓரிரு முறை நடந்த கட்டண நிகழ்ச்சி, 1995 முதல் மாதாமாதம் என்றானது. போன மாதம் பார்த்ததைவிட இந்த மாதம் கூடுதலாக ஏதாவது இருந்தால்தான் காசு வரும். ஏணி வந்தது, மேஜை வந்தது, இரும்பு நாற்காலி வந்தது, கூரை போட்ட கூண்டு வந்தது. பகையை எழுதியவர்கள் உயரத்தையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். அந்த மேடையில் இறங்கியவர்களில் சிலரின் கதை கீழே.

[பெட்டிச் செய்தி] ஒரே இரவு, ஒரே பட்டியல்

1997 சம்மர்ஸ்லாமில் களமிறங்கியவர்களில் சிலருக்குப் பின்னர் நேர்ந்தவை:

● ஸ்டீவ் ஆஸ்டின்: அன்றைய கழுத்துக் காயம் தொழில் முழுக்கத் தொடர்ந்தது. 2003-இல், 38 வயதில், ரிங்கை விட்டு ஓய்வு.

● பிரையன் பில்மேன்: இரண்டு மாதம் கழித்து, 1997 அக்டோபர் 5-இல், அடுத்த கட்டண நிகழ்ச்சிகளில் ஒன்று நடக்கவிருந்த நாளில் ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். இதய நோய். வயது 35.

● ஷான் மைக்கேல்ஸ் (அன்று சிறப்பு நடுவர்): 1998 ஜனவரியில் சவப்பெட்டி விளிம்பில் முதுகு அடிபட்டு, அந்த மார்ச்சுக்குப் பிறகு நான்கு ஆண்டுகள் களத்துக்கு வெளியே.

● மிக் ஃபோலி (மேன்கைண்ட்): 1998 ஜூனில் பிட்ஸ்பர்க்கில் 16 அடிக் கூண்டின் உச்சியிலிருந்து வீழ்ச்சி, சற்று நேரத்தில் கூண்டின் கூரை பிய்ந்து இன்னொரு வீழ்ச்சி. இரண்டாவது திட்டத்திலேயே இல்லாதது.

● ஓவன் ஹார்ட்: 1999 மே 23-இல் மரணம். வயது 34.

● பிரெட் ஹார்ட்: 1999 டிசம்பரில், வேறொரு நிறுவனத்தின் மேடையில், தலையில் விழுந்த உதையால் மூளை அதிர்ச்சி, 2000-இல் ஓய்வு, 2002-இல் பக்கவாதம்.

● டேவி பாய் ஸ்மித் (பிரிட்டிஷ் புல்டாக்): 2002-இல் மாரடைப்பு. வயது 39.

இவற்றுக்கெல்லாம் ரிங் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால், எந்த நாடகக் கம்பெனியின் ஒருநாள் நடிகர் பட்டியலை எடுத்தாலும் ஆறாண்டுக்குள் இப்படி ஒரு கணக்கு தேறாது.

1989: லாபம் தந்த ஒப்புதல்

மல்யுத்தம் நிஜப் போட்டி அல்ல என்பதை நிறுவனம் தானே வாய்திறந்து சொன்ன இடம் அரசு அவை என்பதை ரசிகர்கள் பலர் மறந்துவிட்டார்கள். 1989-இல் நியூஜெர்ஸி மாநில செனட்டில் ஒரு மசோதா விவாதத்துக்கு வந்தது. மல்யுத்தம் உண்மையான விளையாட்டுப் போட்டி அல்ல, பார்வையாளருக்கான பொழுதுபோக்கு என்ற வரையறை அதில் இருந்தது. வின்ஸ் மெக்மேனின் நிறுவனம் அந்த வரையறையை ஆதரித்தது. காரணம் நேர்மை அல்ல, வரவு செலவு. விளையாட்டு என்றால் மாநில விளையாட்டு ஆணையம் மேற்பார்வையிடும். உரிமம் வாங்க வேண்டும். களமிறங்கும் முன் மருத்துவப் பரிசோதனை நடக்கும். வரி கட்ட வேண்டும். பொழுதுபோக்கு என்று சொல்லிவிட்டால் இத்தனையும் கழன்றுபோகும். ஆஸ்டின் கழுத்து நொறுங்கிய அதே சம்மர்ஸ்லாம் மேடையில், தொலைக்காட்சி மல்யுத்தத்தின் மீதான வரியை நீக்கியதற்கு நன்றியாக, நியூஜெர்ஸி ஆளுநர் கிறிஸ்டின் டாட் விட்மனுக்கு ஒரு சாம்பியன் பெல்ட் பரிசாகத் தரப்பட்டது.

சரி, விளையாட்டு இல்லை, நாடகம்தான் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் நாடக நடிகர்களுக்குச் சங்கம் இருக்கிறது. சினிமாவில் மாடியிலிருந்து குதிக்கும் ஸ்டன்ட் கலைஞர் நடிகர் சங்க உறுப்பினர். குறைந்தபட்ச ஊதியம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் என்று பேரம் பேச அவருக்கு ஓர் அமைப்பு உண்டு. மல்யுத்தக்காரருக்கு அதுவும் கிடையாது. அவர் ஊழியரே அல்ல, ‘சுயேச்சை ஒப்பந்ததாரர்’ என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. எந்த ஊரில் எப்போது இருக்க வேண்டும், என்ன பெயரில் உலவ வேண்டும், என்ன பேச வேண்டும், யாரிடம் தோற்க வேண்டும் என்பதை நிறுவனம் சொல்கிறது. தன் அனுமதி இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போய் ஆடவும் விடுவதில்லை. இதில் சுயேச்சை எங்கே இருக்கிறது? விளையாட்டுக்குரிய காவலும் இல்லை, நாடகத்துக்குரிய காவலும் இல்லை. இரண்டு சட்டங்களுக்கும் நடுவே உள்ள சந்தில்தான் இந்தத் தொழில் கோடிகளைக் குவித்தது.

இதை எதிர்த்தவர்கள் இல்லாமல் இல்லை. 1986-இல், இரண்டாம் ரெசில்மேனியாவுக்கு முன்பு, ஜெஸ்ஸி வென்ச்சுரா சங்கம் அமைக்க முயன்றார். செய்தி முதலாளிக்குப் போய், முயற்சி கருகியது. பின்னாளில் மினசோட்டா மாநிலத்தின் ஆளுநராகவே ஆக முடிந்த அவரால் ரிங்குக்குள் ஒரு சங்கத்தை உண்டாக்க முடியவில்லை. 2008-இல் முன்னாள் மல்யுத்தக்காரர்கள் மூவர், ‘எங்களை ஊழியர்களாக நடத்தியிருக்க வேண்டும்’ என்று தொடுத்த வழக்கு ஆரம்பத்திலேயே தள்ளுபடியானது. தலைக்காயங்களுக்காகப் பல முன்னாள் வீரர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கும் 2018-இல் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டிலும் தோற்றது. சங்கம் இல்லாத தொழிலாளி தனியாகக் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இவை சான்று.

நிஜத்தையும் விழுங்கிய கதை

பகையை விற்கும் தொழிலுக்கு, எழுதிய பகை தீர்ந்துபோனால் நிஜப் பகையும் சரக்காகிவிடும். 1997 நவம்பர் 9, மான்ட்ரியல், ‘சர்வைவர் சீரிஸ்’. சாம்பியன் பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனத்துக்குப் போகக் கையெழுத்திட்டுவிட்டார். சொந்த நாடான கனடாவில், தனக்கு நிஜமாகவே ஆகாத ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க அவர் சம்மதிக்கவில்லை. வேறு ஒரு முடிவுக்கு மெக்மேன் ஒப்புக்கொண்டார். ஆனால், மைக்கேல்ஸ் பிரெட்டைக் கால்பூட்டுப் பிடியில் வைத்திருந்த கணத்தில், பிரெட் தோல்வியை ஒப்புக்கொள்ளாமலிருக்கும்போதே, மெக்மேன் மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் முதலாளியின் முகத்தில் துப்பினார். உள்ளே போய் ஒரு குத்தும் விட்டார்.

பட்டம் யாரிடம் போனது என்பது இங்கே பெரிய விஷயம் அல்ல. இந்தத் தொழிலில் ஒருவன் தன் உடம்பை எதிராளியிடம் ஒப்படைக்கிறான். தூக்கும்போது துள்ளிக் கொடுக்கிறான், விழும்போது மூச்சை விட்டு, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகைப் பரப்பி விழுகிறான். பேசிவைத்தது பேசிவைத்தபடி நடக்கும் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அவனுக்குக் கவசம். அந்த நம்பிக்கையை முதலாளியே நேரலையில் உடைத்தார். அதைவிட மோசம், அடுத்து நடந்தது. ரசிகர்களுக்கு எழுந்த நிஜக் கோபத்தை வைத்தே ‘மிஸ்டர் மெக்மேன்’ என்ற வில்லன் முதலாளி பாத்திரம் வளர்க்கப்பட்டு, ஆஸ்டினுக்கு எதிராக நிறுத்தப்பட்டது. நிறுவனத்துக்குப் பணம் கொட்டிய காலம் அதுதான். துரோகத்துக்கே டிக்கெட் விற்றுப் பார்த்த பிறகு, எதையும் விற்கலாம் என்ற துணிச்சல் வந்துவிடுகிறது. மான்ட்ரியலுக்கு ஒரு மாதம் முன்பே, பில்மேன் இறந்த மறுநாள் அவர் மனைவியை நேரலையில் உட்காரவைத்துப் பேட்டி எடுத்தபோது, இந்தத் துணிச்சலின் முன்னோட்டம் தெரிந்திருந்தது.

அதன் உச்சத்தை 1999 மே 23-இல் கன்சாஸ் சிட்டி பார்த்தது. ‘ஓவர் தி எட்ஜ்’ என்பது நிகழ்ச்சியின் பெயர். ‘புளூ பிளேஸர்’ என்ற கோமாளி சூப்பர் ஹீரோ வேஷத்தில் ஓவன் ஹார்ட் அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். கீழே வந்ததும் சட்டென்று கழன்றுகொள்ளும் கொக்கி ஒன்று அவர் உடலில் மாட்டப்பட்டிருந்தது. அது உயரத்திலேயே கழன்றது. எழுபது அடிக்கும் மேலிருந்து அவர் ரிங்குக்குள் விழுந்தார். வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அப்போது பதிவுசெய்த காட்சி ஓடிக்கொண்டிருந்ததால், வீழ்ச்சி திரையில் வரவில்லை. அவரை எடுத்துச்சென்ற பிறகு, நிகழ்ச்சி தொடர்ந்தது. அவருடைய நெருங்கிய நண்பர் ஜெஃப் ஜாரெட் அடுத்த மோதலுக்குப் போக வேண்டியிருந்தது. ஓவன் இறந்த செய்தி வர்ணனையாளர் ஜிம் ராஸ் குரலில் வீடுகளுக்குச் சொல்லப்பட்டது. அரங்கில் இருந்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. எழுதிவைத்த கடைசி மோதல் வரை எல்லாம் நடந்து முடிந்தது. குடும்பம் தொடுத்த வழக்கு 2000-இல் 1.8 கோடி டாலருக்குச் சமரசமானது. தன் பிடி தவறியதால் விழுந்த சகாவைக் காப்பாற்ற, வேஷம் கலையாமல் நேரம் கடத்தியவர் ஓவன். அவர் விழுந்தபோது, அவருக்காக நிகழ்ச்சியை நிறுத்த சகாக்களில் ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவர் நிறுத்தவில்லை.

[பெட்டிச் செய்தி] ரிங்குக்குள் புழங்கும் சொற்கள்

● பேபிஃபேஸ் – நாயகன். ஹீல் – வில்லன்.

● புக்கர் – யார் யாரோடு மோதுவது, யார் ஜெயிப்பது என்று எழுதுபவர்.

● கேஃபேப் – எல்லாம் நிஜம்தான் என்று வெளியுலகுக்குக் காட்டும் கட்டுப்பாடு.

● பம்ப் – விழுதல். ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே மரப்பலகை, மெல்லிய பஞ்சுப் பரப்பு, கித்தான் துணி. விழுவது பலகைமேல்தான்.

● எக்ஸ் குறி – நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால், காயம் நிஜம் என்று பொருள்.

மறுப்புகளும் பதில்களும்

‘விரும்பித்தானே வருகிறார்கள், கோடிகளில்தானே சம்பாதிக்கிறார்கள்?’ என்பது முதல் மறுப்பு. கோடிகள் வருவது சுவரொட்டியில் முகம் வருகிற சிலருக்கு. அவர்கள் மின்னுவதற்காகத் தோற்றுக்கொடுக்கிற பலருக்கும் அதே பலகை, அதே கழுத்து. சுரங்கத் தொழிலாளியும் விரும்பித்தான் சுரங்கத்துக்குள் இறங்குகிறார். அதனால் கூரை சரிந்தால் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை. விருப்பம் வேலையைத் தொடங்கிவைக்கும்; முதலாளியின் கடமையைத் தள்ளுபடி செய்யாது.

‘மருந்தும் போதையும் அவரவர் பழக்கம்’ என்பது இரண்டாவது. இதில் ஒரு பகுதி உண்மை. ஆனால், ஓய்வுப் பருவமே இல்லாத தொழில் இது. வருஷம் முழுக்கப் பயணம். களமிறங்கினால்தான் முழுக் காசு. நின்றால் கதையிலிருந்து பெயர் எடுபடும். வலியோடு மறுநாள் இறங்க வேண்டியவன் மாத்திரையைத் தேடுவதை அவன் குணக்கேடு என்று முடித்துவிட முடியாது. 2005 நவம்பரில் மல்யுத்த வீரர் எடி குரேரோ 38 வயதில் இறந்த பிறகே, 2006-இல் மருந்துப் பரிசோதனையும் உடல்நலச் சோதனையும் கொண்ட விதிமுறை வந்தது. 2007-இல் இன்னொரு வீரர் கிறிஸ் பென்வா மனைவியையும் மகனையும் கொன்று தானும் மாண்டார். அவர் மூளையில் கடுமையான சேதம் இருந்ததாகப் பரிசோதித்த மருத்துவர்கள் சொன்னார்கள். 2010-இல்தான் தலையில் நாற்காலியால் அடிப்பது தடைசெய்யப்பட்டது. தடை போட்டதால் ஒரு ரசிகரும் ஓடிவிடவில்லை. அப்படியானால், முன்பே போட்டிருக்கலாம்.

‘இப்போதுதான் எல்லாம் மாறிவிட்டதே?’ என்பது மூன்றாவது. மூன்றில் வலுவானதும் இதுதான். மாற்றம் நிஜம். ரிங்கில் ஏற்படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கிறது. பைல்டிரைவருக்குக் கட்டுப்பாடு வந்தது. தலைக்காயங்களால் 2016-இல் ஓய்வுபெற வேண்டியிருந்த டேனியல் பிரையன் திரும்பிவரத் துடித்தபோதும், 2018 வரை மருத்துவ அனுமதி கொடுக்காமல் நிறுவனமே தடுத்துவைத்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால், 2022 ஜூனில் கோடி ரோட்ஸ், நெஞ்சுத் தசைநார் எலும்பிலிருந்து முழுதாகக் கிழிந்த நிலையில், மார்பும் கையும் கருநீலமாகக் கன்றிப்போயிருக்க, கூண்டுக்குள் செத் ராலின்ஸோடு மோதினார். அந்தக் கன்றலையே கேமரா அருகில் போய்க் காட்டியது. அவர் சம்மதித்துத்தான் இறங்கினார். இரண்டு சம்பவங்களிலும் முடிவெடுத்தது நிறுவனத்துக்குள் இருந்தவர்கள்தான். ஒருமுறை தடுத்தார்கள், ஒருமுறை விட்டார்கள். முதலாளியின் கருணையால் கிடைக்கும் பாதுகாப்பு, முதலாளி மாறினால் மாறும். உரிமையாக வாங்கிய பாதுகாப்புக்குத்தான் ஆயுள் உண்டு.

பணம் இருக்கிறது, மனம்?

இனி, இதற்கெல்லாம் பணம் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. 2014-இல் மாதம் 9.99 டாலருக்குச் சொந்த இணைய ஒளிபரப்பைத் தொடங்கிய நிறுவனம், இன்று டிகேஓ குழுமத்தின் அங்கம். வாராந்தர ‘ரா’ நிகழ்ச்சிக்காக நெட்ஃப்ளிக்ஸோடு பத்தாண்டுக்குப் போட்ட ஒப்பந்தம் 500 கோடி டாலருக்கும் மேல். அமெரிக்காவில் பெரிய நிகழ்ச்சிகளை ஒளிபரப்ப இஎஸ்பிஎன் ஐந்தாண்டுக்குத் தருவது சுமார் 160 கோடி டாலர். இதே குழுமத்தில் நிஜச் சண்டைப் போட்டிகளை நடத்தும் யுஎஃப்சி நிறுவனம், தன் வீரர்களின் ஊதியத்தை அமுக்கியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை 37.5 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. நிஜமாக அடித்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. எழுதியபடி அடித்துக்கொள்பவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை.

கேட்க வேண்டியவை மூன்று. ஆண்டுக்கணக்கில் ஒரே நிறுவனத்துக்காக விழுகிறவரை ஊழியர் என்று ஒப்புக்கொண்டு, குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு தர வேண்டும். நிறுவனத்திடம் சம்பளம் வாங்காத மருத்துவர் ஒருவருக்கு, எந்த மோதலையும் எந்த நிமிடத்திலும் நிறுத்தும் அதிகாரம் வேண்டும். ஓய்வுபெற்றவரின் மூளைக்கும் மூட்டுக்கும் ஆயுள் முழுக்கச் சிகிச்சை வேண்டும். இவை வந்தால் கதையின் மயக்கம் கலைந்துபோகும் என்று பயப்படத் தேவையில்லை. எல்லாம் எழுதியது என்று 1989-லேயே சொல்லியாகிவிட்டது; கூட்டம் அதற்குப் பிறகுதான் பெருகியது.

தொண்ணூறுகளில் அண்டர்டேக்கரின் உயரத்தையும் யோகோசுனாவின் எடையையும் ட்ரம்ப் கார்டில் மனப்பாடம் செய்த தமிழ்நாட்டுத் தலைமுறைக்கும் இதில் பங்கு உண்டு. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவிலும் நெட்ஃப்ளிக்ஸ் வழியே சந்தா கட்டித்தான் நாம் இதைப் பார்க்கிறோம். ரசிகர் குரலுக்கு வலு இல்லை என்று சொல்ல வேண்டாம். 2024 பிப்ரவரியில், ரெசில்மேனியாவில் சாம்பியன் ரோமன் ரெய்ன்ஸை எதிர்க்கும் வாய்ப்பு கோடி ரோட்ஸிடமிருந்து பறிபோவதைக் கண்டு ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே திட்டம் மாறியது. ஏப்ரலில் கோடி ரோட்ஸ்தான் பட்டத்தை வென்றார். யார் ஜெயிக்க வேண்டும் என்பதை ரசிகர்களால் மாற்ற முடிந்திருக்கிறது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் காப்பீடு எங்கே என்று அதே சத்தத்தில் கேட்க வேண்டியதுதான் பாக்கி.